கட்டடத்துக்குள் பயிர் வளர்க்கும் ஆலைகள் நகரங்களின் உணவுத் தேவையைத் தீர்க்குமா?

கீரைக்கு ஓரளவு முடியும், சோற்றுக்கு முடியாது என்பதே என் பதில்.

ஜப்பானில் கியோத்தோவை ஒட்டிய கெய்ஹன்னாவில் ஸ்ப்ரெட் நிறுவனம் 2018-இல் தொடங்கிய ஆலையைப் பாருங்கள். நாளொன்றுக்கு லெட்யூஸ் என்ற சாலட் கீரையில் 30,000 செடி விளைவிக்கும் திறன் கொண்டது. மண்ணும் இல்லை, வெயிலும் இல்லை. அடுக்கடுக்கான தட்டுகளில் சத்து கரைத்த நீர் ஓடுகிறது, மேலே எல்இடி விளக்கு. அந்த நீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பூச்சி உள்ளே வராததால் மருந்தடிக்கும் வேலையும் இல்லை. தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் ஏன் எல்லாரும் லெட்யூஸையே பயிரிடுகிறார்கள்? அதில் 95 சதவீதம் தண்ணீர். சில வாரங்களில் அறுவடை, வேரைத் தவிர ஏறக்குறைய முழுச் செடியும் விற்பனைக்கு. நெல்லோ மூன்று மாதத்துக்கு மேல் நின்று, உலர்ந்த மாவுச்சத்தை மணியில் சேர்க்க வேண்டும். வயலில் சூரியன் இலவசமாகத் தரும் ஒளி முழுவதையும் மின்சாரமாக வாங்கினால் அரிசி விலை எங்கே போய் நிற்கும்? போதாததற்கு, விளக்குச் சூட்டைத் தணிக்க ஏசியும் ஓட வேண்டும்.

கரண்டு பில்தான் இந்தத் தொழிலின் கழுத்தைப் பிடிக்கிறது. அமெரிக்காவில் இதே தொழில் செய்த ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் 2023-இல் திவால் பாதுகாப்பு கோரியது. பவரி என்ற இன்னொரு நிறுவனம் 2024-இல் மூடப்பட்டது. கரண்டு பில்லோடு அளவு மீறிய முதலீடும் அவசர விரிவாக்கமும் சேர்ந்தே இவர்களை வீழ்த்தின என்று நினைக்கிறேன்.

நிலமே இல்லாத சிங்கப்பூர் போன்ற ஊர்களில் கீரை, நாற்று, மூலிகை வளர்க்க இந்த ஆலைகள் நிலைக்கும் என்று நம்புகிறேன். நம் மொட்டைமாடிகளில் வெயில் கொட்டிக் கிடக்கிறது. அங்கே விளக்கு எதற்கு? தொட்டியும் சொட்டு நீரும் போதும்.