கால் முழுக்க மரத்துப்போகும் க்ரீம் தடவலாமா?

கேள்வி: லேசரில் கால் முடி எடுக்கப் போகிறேன். வலிக்கும் என்று பயந்ததால், மரத்துப்போகும் க்ரீமை வீட்டிலேயே இரண்டு காலிலும் தடவி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் பார்லரில். செய்யலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

மெடிக்கலில் ப்ரிலாக்ஸ் மாதிரியான பெயர்களில் கிடைக்கிற க்ரீமில் லிடோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம் இருக்கும். மரு எடுக்கிற மாதிரி சின்ன இடத்தில் பட்டையாகப் போட்டு, மேலே மூடி ஒரு மணி நேரம் விட்டால் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரத்துப்போகும், இரண்டு மணி நேரம் என்றால் 5 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு அருமையான மருந்து. ஆனால் இரண்டு கால் முழுக்க என்றால் கணக்கே மாறிவிடும், ஏனென்றால் தோலுக்குள் இறங்கிய மருந்து அங்கேயே நிற்காமல் ரத்தத்தில் கலக்கும், அதுவும் ஷேவ் செய்த தோல், மேலே பிளாஸ்டிக், உள்ளே புழுக்கம், இதெல்லாம் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கலக்கும். அளவு மீறினால் நாக்கும் வாயைச் சுற்றியும் மதமதக்கும், காதில் இரைச்சல் கேட்கும், தலை சுற்றும். அப்புறம் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பே தடுமாறலாம். அமெரிக்காவில் இதே போல லேசருக்காகக் காலில் தடவிப் பிளாஸ்டிக் சுற்றிய இரண்டு பெண்கள், 22 வயதும் 25 வயதும்தான், வலிப்பு வந்து கோமாவில் விழுந்து இறந்துபோனார்கள். அவர்கள் போட்டது இதைவிட வீரியமான க்ரீம். 2007-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைச் சொல்லியே எச்சரித்தது. உங்களுக்குச் சொன்னவர்கள் க்ரீமில் எத்தனை சதவீதம் என்றாவது சொன்னார்களா? லேபிள் இல்லாத டப்பாவில் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று, லேசரில் சுரீர் என்று வலிப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. தோல் சுடுகிறது என்று நீங்கள் சொன்னால்தான் எதிரே இருப்பவர் லேசரின் வீரியத்தைக் குறைப்பார். தோல் டாக்டர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். குளிர்காற்று அடித்துக்கொண்டே செய்கிற மிஷின் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். க்ரீம் வேண்டும் என்றால் அதிகம் வலிக்கிற சின்ன இடத்துக்கு மட்டும், டாக்டர் சொல்கிற அளவில், கிளினிக்கிலேயே போடட்டும்.

கேள்வி: என் 4 வயது மகனுக்கு ரத்தப் பரிசோதனை. ஊசிக்கு அலறுவான். இந்த க்ரீம் போடலாமா?
- ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: தாராளமாக, டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டு போடுங்கள். ரத்தம் எடுக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, அவன் நக்கிவிடாதபடி ஒட்டுப்பிளாஸ்திரியால் மூடுங்கள், கண்ணில் படவே கூடாது. துடைத்ததும் தோல் வெளுத்துத் தெரியும், அது சகஜம். உதடு நீலமாக மாறினால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிரிலோகெய்ன் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதை அபூர்வமாகக் கெடுத்துவிடும், ஊசி மருந்து கொடுத்துச் சரிசெய்யலாம்.