கரீபியனில் முன்பின் பார்த்திராத துறைமுகத்துக்குப் பாய்மரப் படகில் போய்ச் சேரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள் என்பேன்.

2019 பிப்ரவரியில் நண்பரின் 38 அடிப் படகில் மூன்று பேர், பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குத் தெற்கே உள்ள லே சேந்த் தீவுகளிலிருந்து டொமினிக்காவின் போர்ட்ஸ்மத்துக்குப் போனோம். (டொமினிக்கன் குடியரசு வேறு, இது சுமார் 70,000 பேர் வாழும் சின்ன மலைத் தீவு.) இடையில் ஏறத்தாழ 20 கடல் மைல், காற்று ஒத்துழைத்தால் நாலு மணி நேரம். ஆனாலும் காலை ஏழுக்கே கிளம்பியாக வேண்டும் என்று நண்பர் பிடிவாதமாக இருந்தார்.

அவர் சொன்னது சரி. அந்த மாதத்தில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் விழுந்தால் அரை மணியில் கும்மிருட்டு. துறைக்கு வழி காட்டும் மிதவையின் விளக்கு எது, ஊரின் தெருவிளக்கு எது என்றே தெரியாது. விளக்குப் போடாமல் நிற்கிற படகுகளும் உண்டு. பகலில் சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருந்தால் தண்ணீரின் நிறமே ஆழத்தைச் சொல்லிவிடும். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பைக் கண்டால் பவளப்பாறை என்று ஒதுங்கிவிட வேண்டும். நேரமாகிவிட்டதா? பாயைச் சுருக்கிக்கொண்டு விடியும்வரை வெளிக்கடலிலேயே நில்லுங்கள். தூக்கம்தான் கெடும், படகு கெடாது.

நம் ஊரில் பழகியவர்களுக்கு இன்னொன்று. நான் படகு ஓட்டக் கற்றது சென்னையில். அங்கே துறைக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடது கைப் பக்கம் இருக்கும். கரீபியனில் நேர்மாறு, சிவப்பு வலது கைப் பக்கம். பிரெஞ்சுத் தீவுகளிலும் அப்படித்தான். அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு கால்வாயில் என் கை பழக்கத்தில் சுக்கானைத் தப்பான பக்கம் திருப்பியது. நண்பர் பாய்ந்து பிடித்தார். அன்றிலிருந்து ஒரு தாளில் எழுதிச் சுக்கான் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும், நம் மீனவர்கள் கொண்டல் என்பார்களே, அந்தத் திசை. அதனால் ஒதுக்கமான துறைகள் அதிகமும் தீவின் மேற்குப் பக்கம்தான். போர்ட்ஸ்மத் விரிகுடாவின் முனையில், ஷர்லி கோட்டை நிற்கும் கேப்ரிட்ஸ் குன்றைச் சுற்றித் திரும்பியதும் அலை அடங்கியது, ஈர மண்ணும் விறகுப் புகையும் மணத்தன. ஆனால் அசந்துவிடக் கூடாது. மலை இடுக்கு வழியாகக் காற்று திடீர் திடீரென்று அறையும். பாயை முன்கூட்டியே இறக்கிவிட்டு இன்ஜினில் போனோம்.

உள்ளூர்ப் படகோட்டி ஒருவர் எதிரே வந்து வரவேற்றார். அந்த விரிகுடாவில் இரவு ரோந்து போக அவர்களே சங்கம் வைத்திருக்கிறார்கள், படகைக் கட்ட மிதவையும் தருவார்கள். மரியாதையாகப் பேசுங்கள். 2017 செப்டம்பரில் மரியா புயல் புரட்டிப்போட்ட ஊர் அது, அவர்களுக்குப் படகுகள் வருவதுதான் பிழைப்பு.

நாங்கள் நங்கூரம் போட்டோம். நிதானம் தேவைப்படுவது இங்கேதான். ஆழம் ஆறு மீட்டர், படகின் மூக்கு தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர், மொத்தம் ஏழு. அதைப் போல ஐந்து மடங்கு, 35 மீட்டர் சங்கிலி விட்டோம். அப்புறம் இன்ஜினை மெல்லப் பின்னோக்கி ஓட்டினோம். நண்பர் என் கையை இழுத்துச் சங்கிலியின் மேல் வைத்தார். முதலில் கடகடவென்று அதிர்ந்தது. நங்கூரம் மணலில் இழுபடுகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அதிர்வு நின்று சங்கிலி கம்பி மாதிரி விறைத்தது. கடித்துவிட்டது! கடற்புல் தரையாக இருந்தால் இவ்வளவு எளிதில் கடிக்காது. முடிந்தால் மூழ்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு மஞ்சள் கொடி. குடியேற்றம், சுங்கம் முடியும்வரை அது பறக்க வேண்டும். கேப்டன் மட்டும் தாள்களோடு கரைக்குப் போகலாம், மற்றவர்கள் இறங்கக் கூடாது. வார இறுதியில் பல தீவுகளில் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள்.

நண்பர் டிங்கியில், அதாவது கரைக்குப் போகிற சின்னப் படகில், போய்விட்டார். நங்கூரம் நழுவுகிறதா என்று பார்க்க, நான் கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு சிவப்புக் கூரையையும் ஒரே கோட்டில் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோதும் தென்னை கூரையை விட்டு விலகவில்லை. மஞ்சள் கொடியை இறக்கிவிட்டு, நடுவில் கிளி இருக்கும் டொமினிக்காக் கொடியைப் பாய்மரத்தின் வலப்பக்கம் ஏற்றினோம். அப்புறம்தான் செருப்பைத் தேடினேன்.