வெதுவெதுப்பான கீரை சாலட் செய்தால் கீரை தண்ணீர் விட்டுக் குழைந்துவிடுகிறது. டிரெஸ்ஸிங்கோடு சேர்த்து எப்படிச் சரியாகச் செய்வது?

கீரையை அடுப்பில் ஏற்றாதீர்கள். டிரெஸ்ஸிங் (சாலட் மேல் ஊற்றும் எண்ணெய்-வினிகர் கலவை) சூடாக இருந்தாலே போதும்.

முன்பு நானும் பசலைக்கீரையை வாணலியில் ஒரு நிமிடம் வதக்கிவிட்டுத்தான் டிரெஸ்ஸிங்கைச் சேர்ப்பேன். பசலைக்கீரையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வாணலியில் பட்டதும் அது வெளியே வந்து தட்டில் தேங்கிவிடும், உப்பும் புளிப்பும் அதில் நீர்த்துப் போகும். இப்போது பச்சை இலைகளைப் பெரிய கிண்ணத்தில் போட்டு, சூடான டிரெஸ்ஸிங்கை ஊற்றிப் புரட்டுகிறேன். இலை லேசாகத் துவளும், தண்டு கறுக்கென்று கடிபடும். எனக்கு இந்த சாலட்டே அந்தக் கறுக்குக்காகத்தான்.

அடுத்தது ஈரம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கழுவி வடிகட்டியில் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, பதினைந்து இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். இலைமேல் நீர் இருந்தால் எண்ணெய் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு அடியில் போய் நிற்கும். கீரை குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஜில்லென்ற இலையில் ஊற்றினால் டிரெஸ்ஸிங் அந்த நொடியே ஆறிவிடும். கிண்ணத்தையும் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றித் துடைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சரி, டிரெஸ்ஸிங். 200 கிராம் கீரைக்கு 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், 1 மேசைக்கரண்டி வினிகர், 1 தேக்கரண்டி கடுகு விழுது, அரைத் தேக்கரண்டி தேன், ஒரு பல் பூண்டு, உப்பு, மிளகு. வினிகர், கடுகு விழுது, தேன், உப்பு நான்கையும் ஒரு கோப்பையில் முதலில் கலந்துகொள்ளுங்கள். பூண்டை மெல்லிசாகச் சீவி, எண்ணெயில் சிறு தீயில் போடுங்கள். ஓரம் பொன்னிறமாகத் தொடங்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் எண்ணெயின் சூட்டிலேயே அது மேலும் சிவக்கும். கருகினால் கசப்பு முழுக்க இறங்கிவிடும். அப்படி ஆனால் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

அரை நிமிடம் பொறுத்து, கோப்பையில் கலந்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்துக் கலக்குங்கள். கொதிக்கும் எண்ணெயில் ஒரேயடியாக ஊற்றினால் தெறிக்கும், கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். கடுகு விழுது வெறும் காரத்துக்காக மட்டும் இல்லை. எண்ணெயும் வினிகரும் சீக்கிரம் பிரிந்துவிடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். எலுமிச்சைச் சாறு பிடிக்கும் என்றால் வினிகருக்குப் பதில் சேர்க்கலாம், ஆனால் அதைக் கடைசியாக, சூடு தணிந்த பிறகு விடுங்கள். சூட்டில் அதன் மணம் போய்விடும்.

எண்ணெய்க்குப் பயந்து அதை அறவே விட்டுவிடாதீர்கள். கீரையில் உள்ள பீட்டா கரோட்டினையும் வைட்டமின் கே-யையும் உடல் எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும்.

எந்தக் கீரை என்றால், இளம் பசலைதான் என் முதல் தேர்வு. லேசான காரச்சுவை உள்ள அரூகுலா கீரையும் நன்றாக வரும். கேல் என்ற முரட்டு இலைக் கீரை என்றால் தடித்த நடுநரம்பை நீக்கிவிட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி இரண்டு நிமிடம் கையால் பிசையுங்கள், அப்போதுதான் டிரெஸ்ஸிங்குக்கு மசியும். மெல்லிய லெட்யூஸ் இதற்குத் தாங்காது.

மேலே வறுத்த வாதுமையோ அவித்த முட்டையோ உங்கள் விருப்பம். பூண்டு போட்ட டிரெஸ்ஸிங்கை மட்டும் நிறையச் செய்து வெளியே நாள்கணக்கில் வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் காற்று படாமல் கிடக்கும் பூண்டில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். அன்றன்றைக்குச் செய்ய ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அப்புறம், எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள். சூடும் புளிப்பும் சேர்ந்தால் இலையின் பச்சை சீக்கிரம் மங்கிவிடும், உப்பும் நீரை வெளியே இழுக்கும். பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.