திடீரென்று கிடைத்த ஒரு மணி நேரம்: கேள்வி பதில்

கேள்வி: நாலு மணி மீட்டிங் கடைசி நிமிடத்தில் ரத்தாகிவிடுகிறது. என்ன செய்யலாம் என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. என்ன வழி சார்?

பதில்: யோசிப்பதை முன்னாடியே முடித்து வைப்பதுதான் வழி. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் இதைப் பற்றி எழுதினார். ‘இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று தீர்மானித்து வைத்தவர்கள், ‘செய்ய வேண்டும்’ என்ற எண்ணத்தோடு நின்றவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்து நிமிட வேலைகளைத் தனியாக, அரை மணி வேலைகளைத் தனியாக, அதற்கு மேற்பட்டதைத் தனியாக எழுதி வையுங்கள். ‘பீரோவை ஒழுங்குபடுத்து’ என்று எழுதினால் அதன் பக்கமே போக மாட்டீர்கள். ‘மேல் தட்டில் இருக்கும் பழைய பில்களைப் பிரித்து, வேண்டாததைக் கிழித்துப் போடு’ என்று எழுதுங்கள். படித்த உடனே கை வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

ஒரு மணி நேரத்தையும் முழுசாக நிரப்பாதீர்கள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடும். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் இதைக் காட்டினார். எழுவதற்கு முன் ‘எங்கே விட்டேன், அடுத்து என்ன’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

முக்கியமாக, முதல் ஐந்து நிமிடம் போனைத் தொடக்கூடாது.

கேள்வி: இதற்கு எந்த ஆப் நல்லது?

பதில்: நோட்டும் பேனாவும்.

கேள்வி: குட்டித் தூக்கம் போடலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் 10 முதல் 20 நிமிடம் போதும். ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுந்தால் தலை கனத்து, அந்த மந்தம் விலக அரை மணி நேரம்கூட ஆகலாம். நெடுந்தூர விமானிகளை வைத்து நாசா நடத்திய ஆய்வில் 40 நிமிட அவகாசம் கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அப்புறம் விழிப்பு நன்றாகவே கூடியிருந்தது. அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். மாலை நெருங்கிவிட்டால் வேண்டாம், ராத்திரித் தூக்கம் கெடும். அலாரத்துக்கு எடுத்த போனை அப்படியே கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: காத்திருக்கும் நேரத்தில் புதுப் பாடம் படிக்கலாமா?

பதில்: புதுசு வேண்டாம். போன வாரம் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவுபடுத்திப் பாருங்கள். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது மனதில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே சொல்லிவிட்டார்.

கேள்வி: பொமொடோரோ முறை உதவுமா? அதற்கு நல்ல ஆப் எது?

பதில்: அது 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. கிடைத்ததே இருபது நிமிடம் என்றால் எதற்கு? ஆப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அதிசயமாகக் கிடைக்கும் ஓய்வையும் பிடுங்கிப் பட்டியல் போடச் சொல்கிறீர்களே. சும்மா இருந்தால் குற்றமா?

பதில்: இல்லை. சும்மா இருப்பதும் பட்டியலில் ஒரு வரியாக இருக்கட்டும். உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: பொழுதுபோக்கைக்கூட மணி குறித்துத் திட்டமிட்டால் அது வேலை மாதிரி ஆகி, இன்பம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் டோனியெட்டோவும் மால்கொக்கும் 2016-ல் காட்டினார்கள். ‘சாயங்காலம் வாக்கில்’ என்று தளர்வாக வைத்தால் அந்தக் கெடுதல் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சும்மா இருக்கிறீர்களா, இல்லை போனை உருட்டிக்கொண்டு இருக்கிறீர்களா?

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘சும்மா இருக்கலாம்’ என்பதெல்லாம் கேட்க ஆள் இல்லாதவர்கள் பேச்சு. எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது தெரிந்தால் போதும், ஆபீசும் வீடும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

பதில்: நீங்கள்தான் சரியான இடத்தைத் தொட்டீர்கள் அம்மா. மீட்டிங் ரத்தானால் காலண்டரில் அந்தக் கட்டம் காலியாகிவிடும். உடனே வேறு யாராவது அதில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ரத்து செய்தி வந்த நிமிடமே அதே இடத்தில் உங்கள் பெயரில் ஒரு கட்டம் போடுங்கள். ‘அறிக்கை வேலை’ என்றோ, வெறுமனே ‘வேலை’ என்றோ எழுதுங்கள். வீட்டிலும் அறிவிக்க வேண்டியதில்லை.

கேள்வி (சும்மா இருக்கலாமா என்று கேட்டவர்): அது பொய் இல்லையா?

பதில்: அந்த நேரம் ஏற்கெனவே ‘இல்லை’ என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வீட்டில் இன்னொருவரும் அதே அளவு களைத்திருந்தால் பாதியை அவருக்குக் கொடுங்கள். அதை ஒளிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி (குறுக்கிட்டவர்): பாதியா? முழுசும் எனக்கே போதவில்லை சார்.

பதில்: சரி, முதல் தடவை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை போய்விட்டது. நாள் முழுக்க நேரம்தான்.

பதில்: இந்தப் பட்டியல் உங்களுக்குப் போதாது. ஓய்வு நேரம் நாளுக்குச் சுமார் 5 மணி நேரத்துக்கு மேல் போனால் மனநிறைவு குறைகிறது என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பிறரோடு சேர்ந்தோ, உருப்படியான ஒன்றிலோ செலவிட்டால் குறைவதில்லை. எழும் நேரத்தையும் தினம் ஒருவரையாவது சந்திப்பதையும் நிலையாக வையுங்கள். மனம் ரொம்பத் தளர்ந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: சார், ஆப்...

பதில்: அடுத்தவர்.

கேள்வி: விமானம் மூன்று மணி நேரம் தாமதம். என்ன செய்வது?

பதில்: முதலில் போனைச் சார்ஜில் போடுங்கள். தொடக்கூடாது என்ற விதியும் தானாக நிறைவேறும். அறிவிப்புப் பலகை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். சொன்ன நேரம் முன்னே பின்னே மாறும். அதனால் மூன்று மணி நேர வேலையைத் தொடங்காமல், அரை மணி வேலைகளாக எடுத்துச் செய்யுங்கள்.