மூன்று வாரப் பூனைக்குட்டிக்கு என்ன வாங்குவது?

கேள்வி: மொட்டை மாடியில் தாய் விட்டுப்போன பூனைக்குட்டி ஒன்று கிடைத்தது. மூன்று வாரம் இருக்கும் என்கிறார்கள். பாக்கெட் பாலில் சரிபாதி தண்ணீர் கலந்து கொடுக்கிறேன். நேற்றிலிருந்து பேதியாகிறது. கடையில் பால் பவுடர் பெரிய டப்பா, புரோபயாடிக் சிரப், பாட்டில் செட் மூன்றையும் வாங்கச் சொல்கிறார்கள். எல்லாம் தேவையா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பவுடர் கட்டாயம் தேவை, ஆனால் சின்ன டப்பா போதும். நான்கு வாரத்திலிருந்தே ஈர உணவுக்குப் பழக்கலாம்; எட்டு வாரத்துக்குள் பால் நின்றுவிடும். பெரிய டப்பா கடைக்காரருக்குத்தான் லாபம். டப்பாவில் பூனைக்குட்டிக்கானது என்று போட்டிருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.

பசும்பாலில் இருக்கும் புரதம் பூனைப்பாலில் இருப்பதில் பாதிகூட வராது. பசி அடங்கக் குட்டி நிறையக் குடிக்க வேண்டியிருக்கிறது. பால் சர்க்கரையும் அதோடு கூடுதலாக உள்ளே போய்ப் பேதியாகிறது. நீங்கள் தண்ணீர் வேறு சேர்த்ததில் இருந்த சத்தும் பாதியானது. பவுடரையும் டப்பாவில் சொன்ன அளவிலேயே கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தாலும் பேதிதான், அளவுக்கு மீறிப் புகட்டினாலும் பேதிதான்.

பாட்டில் செட்டுக்குப் பதில் மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கினால் சில ரூபாயில் முடியும். குட்டியை மல்லாக்கப் போடாமல், தாயிடம் குடிப்பதுபோல் குப்புற வைத்து, மெதுவாகப் புகட்டுங்கள். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போகும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடாக்குங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. புகட்டியபின் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிவிடுங்கள். தாய் நக்கித்தான் இந்த வயதுக் குட்டிகள் மலஜலம் கழிக்கும்.

மிச்சமாகும் காசில் கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கச் சொல்வேன். நாளுக்குச் சுமார் 10 கிராமாவது கூட வேண்டும். எடை குறைந்தால் பேதி நின்றிருந்தாலும் நிம்மதியாக இருக்காதீர்கள்.

சிரப் இப்போது வேண்டாம். பேதிக்குக் காரணம் குடற்புழுவாகவும் இருக்கலாம். அதைக் கால்நடை மருத்துவர்தான் மலம் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமால் பூனைக்கு விஷம். முந்நூறு கிராம் உடம்பில் நீர் வற்ற ஒரு நாள் போதும். பால் குடிக்க மறுத்தாலோ துவண்டு கிடந்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.