அம்மாவின் தனி டம்ளர்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. ரொம்ப வருடம் முன்னால் தொழுநோய் வந்து, 12 மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். வலது பாதத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை. ஆனாலும் வீட்டில் அவருக்கு இன்னும் தனித் தட்டு, தனி டம்ளர். இப்போது பிபி, சர்க்கரை இரண்டும் ஏறிவிட்டது, ராத்திரியில் தூக்கமும் இல்லை. மனக்கஷ்டத்தால் இப்படி வருமா, இல்லை வயசுக் கோளாறுதானா?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: வயசுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த டம்ளரை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பாதி வைத்தியம்தான் ஆகும்.

ஒதுக்கப்படுவதையும் உடம்பு ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. நாய் துரத்தும்போது சுரக்கிற அதே அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள்தான் இதற்கும் சுரக்கின்றன. நாய் போய்விட்டால் அடங்கிவிடும், ஆனால் தினம் மூன்று வேளையும் தட்டைப் பார்க்கிறவருக்கு எப்படி அடங்கும்? கார்டிசால் இறங்காமலே இருந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், தூக்கம் கெடும், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியும் அடி வாங்கும். 2003இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள்: கம்ப்யூட்டர் பந்து விளையாட்டில் ஒருவருக்கு மட்டும் பந்து போடாமல் விட்டு, அவர் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பு வலிக்கும்போது வேலை செய்கிற ஒரு பகுதி அப்போதும் வேலை செய்தது. (வலியும் இதுவும் ஒன்றேதானா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது தனிக்கதை.)

இன்னொன்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்: அம்மா வெளியே போகும்போது என்ன செருப்பு போடுகிறார்? உணர்ச்சியில்லாத பாதத்துக்கென்று மெத்தென்ற கருப்பு எம்.சி.ஆர். செருப்பு கொடுப்பார்கள். நம் பக்கத்தில் அதைப் பார்த்ததுமே ‘ஓ, கரிகிரி செருப்பா’ (கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிச் செருப்பு) என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பயந்தே கல்யாணத்துக்குச் சாதாரண ரப்பர் செருப்பில் போய், ஆணி குத்தியதுகூடத் தெரியாமல் சாயங்காலம் ரத்தக்கறையோடு வந்த பெண்மணியை நானே பார்த்திருக்கிறேன். கிருமி போய்ப் பல வருடம் ஆன காலில் புண் வைத்தது ஊர்ப்பார்வைதான். சர்க்கரையும் சேர்ந்தால் அந்தப் புண் லேசில் ஆறாது, அதனால் தினமும் ராத்திரி பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

1955இலிருந்து கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிற ஜில்லா நம்முடையது, அப்படியும் டம்ளரைப் பிரித்து வைக்கிறோம்! தொழுநோய்க்கான கூட்டு மருந்து (பல மருந்து சேர்ந்தது) ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பரவுவது நின்றுவிடும். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த சட்டத்தையே 2019இல் எடுத்துவிட்டார்கள்.

பிபி மாத்திரையை நிறுத்த வேண்டாம். கரிகிரிக்கு ஒரு தடவை கூட்டிப்போய்ப் பாதத்தைக் காட்டுங்கள், வீட்டில் ரொம்பப் பயப்படுகிறவர் யாரோ அவரையும் கூட அழைத்துப் போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். அப்புறம், நாளைக் காலை காபியை நீங்கள் அந்த டம்ளரில் குடியுங்கள், அம்மா பார்க்கிற மாதிரி.