ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் மட்டும் போதுமா?

பல ஆண்டுக் குடும்பப் படங்களையும் கோப்புகளையும் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையை அடுத்த முடிச்சூரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் புகுந்தபோது, கணினி மேசைக்கு அடியிலும், நகல் இருந்த டிஸ்க் அதே மேசையின் இழுப்பறையிலும் இருந்தன. மாடி வீட்டுக்கு ஓடிய அவசரத்தில் இரண்டையுமே எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, ஊறி உப்பிப்போன இழுப்பறையை உடைத்துத்தான் திறக்க முடிந்தது. டிஸ்கின் யுஎஸ்பி துளைக்குள் சேறு அடைத்திருந்தது. அப்பாவின் கடைசி இரண்டு ஆண்டுப் படங்கள் அதில் இருந்தன. ஒரு தீபாவளிக்குக் கோவையில் இருக்கும் அக்காவுக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த நூற்றுச் சொச்சம் படங்கள் மட்டுமே மிஞ்சின.

மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறோர் இடத்தில் என்னும் 3-2-1 விதியை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கினார். இதில் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டிய அந்த ஒன்றைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். தீயும் திருட்டும் வெள்ளமும் ஒரே அறையில் இருக்கும் இரண்டு பிரதிகளையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

கூகுள் போட்டோஸ் இருக்கிறதே என்பீர்கள். அது வீட்டுக்கு வெளியே இருக்கும் பிரதி என்பது உண்மைதான். ஆனால் 2021 ஜூன் முதல் அதில் ஏற்றும் படங்கள், ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துக் கிடைக்கும் 15 ஜிபி இலவச இடத்திலேயே கணக்கிடப்படுகின்றன. அதைவிட முக்கியமாக, கைபேசியில் அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும், அதாவது கூகுளின் இணையச் சேமிப்பிலும், அது குப்பைத்தொட்டிக்குப் போய், 60 நாட்களில் நிரந்தரமாக மறைந்துவிடும். இப்படி இரு பக்கத்தையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவு நம் தவறையும் உடனுக்குடன் நகலெடுக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. டிஸ்கையும் எந்நேரமும் கணினியில் செருகியே வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரல் நுழைந்தால், இணைந்திருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

நகலெடுத்தவுடன் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். பட்டியலில் பெயர் சரியாகத் தெரிந்தும், திறந்தால் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நிற்கும் படங்களை நான் கண்டிருப்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை பத்துப் படங்களையாவது வேறொரு கணினியில் திறந்து பார்க்கிறேன். விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் என்னும் குறியாக்க வசதியால் டிஸ்கைப் பூட்டினால், அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்; கடவுச்சொல்லும் மறந்து, அதுவும் தொலைந்தால் படங்களும் தொலைந்தவையே.

இப்போது என்னிடம் ஒரே கொள்ளளவில் இரண்டு டிஸ்குகள் உள்ளன. ஒன்று என் அலமாரியின் மேல்தட்டிலும் மற்றொன்று அக்கா வீட்டிலும் இருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோவை போகும்போது, புதிதாக நகலெடுத்ததை அங்கே வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருகிறேன்.